பஸ் மணிமங்கலத்தில் நிற்கிறது

என்னை முதன்முதலாக ஒருவர் எழுத்து மூலம் "நாசமாப் போறவனே" என்று வாழ்த்தியபோது நான் கம்பெனி கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாக்கில் வைத்த ஊறுகாய் அப்படியே நின்றது. இன்னொரு முறை படித்தேன். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், உடம்பெல்லாம் ஒரு குதூகலம் ஓடியது. நான் செய்த ஒன்றை எங்கேயோ யாரோ உண்மையிலேயே பயன்படுத்துகிறார்! பயன்படுத்தாதவர் எதற்கு மெனக்கெட்டுத் திட்டப் போகிறார்?

செய்தது இதுதான். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உள்ளே போகும் இரும்புச் சட்டங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. அதாவது அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஐம்பதை நெருங்கும்போது சிலருக்கு பக்தி வரும், சிலருக்கு முழங்கால் வலி வரும். எனக்குக் கம்ப்யூட்டரில் நிரல் எழுதும் ஆசை வந்தது. முழங்கால் வலியும் வந்தது, அது வேறு விஷயம். கம்பெனி பஸ் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் காட்டும் ஓர் ஆப்பைச் செய்தேன். வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றை பஸ் டிரைவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவைத்தார். அந்தப் போன் எங்கே போகிறதோ அங்கே மேப்பில் ஒரு மஞ்சள் பஸ் போகும். கீழே ஒரு வரி ஓடும்: "பஸ் படப்பையில் வருகிறது."

காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. நிரலையும் திறந்து போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஊருக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தவனின் பெருமிதம் எனக்கு. பந்தல் வைத்தவனின் மேல் தண்ணீரை ஊற்றவும் ஜனங்களுக்கு உரிமை உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஏனென்றால் மேப்புக்குக் கீழே "உங்கள் கருத்து" என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். அங்கே எழுதுவது நேராக என் போனுக்கு வந்துவிடும். சைக்கிள் மணி போல ஒரு சத்தம் கேட்கும். எழுதுகிறவர் பெயர் சொல்ல வேண்டாம், ஏறும் ஸ்டாப்பை மட்டும் சொன்னால் போதும். என் பெயரையும் எங்கேயும் போடவில்லை. அடக்கம் என்று சொல்லிக்கொண்டேன். டிரைவரையும் என் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது.

சைக்கிள் மணி அடிக்க ஆரம்பித்தது. "மேப்பு வருது, பஸ்ஸு வரல. மேப்புலயே ஏறி உக்காரவா?" என்று ஒருவர். "ஃப்ரீயா குடுத்தா இப்டித்தான்" என்று ஒருவர். அவர் காசு கொடுக்க முன்வரவில்லை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒருவர் வாரம் தவறாமல், "எங்க கம்பெனி பஸ்ஸ ஏன்டா காட்ட மாட்ற? இன்னா ஓரவஞ்சன?" என்று கேட்பார். அவருடைய கம்பெனி எது என்றே எனக்குத் தெரியாது. கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் பள்ளிக்கூட வேனுக்கு என் நிரலை எடுத்துப் போட்டுக்கொண்ட ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் விசாரிப்பார்: நான் உயிரோடு இருக்கிறேனா, இல்லையென்றால் அதையாவது தெரிவிக்கக் கூடாதா. கோபத்திலும் இலக்கணப் பிழை விடாத மனிதர். அவரைத்தான் என்னால் தாங்க முடியாது.

வசையை ஒரு கலையாக வளர்த்த மொழி நம்முடையது. அறம் பாடியே ஆளைச் சாய்த்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வஞ்சப் புகழ்ச்சி அணிக்கு உதாரணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பயிற்சி இப்போது கைகொடுத்தது. ஒரு திட்டு வந்தால் அதைக் குவாலிட்டி ரிப்போர்ட்டாக மொழிபெயர்த்துக்கொள்வேன். "உன் ஆப்பத் தூக்கி ஏரில போட" என்றால் போன் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று பொருள். "குருட்டுப் பயலே" என்றால் எழுத்து சின்னதாக இருக்கிறது. ஒரே ஒரு விதி: பதில் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் ஒருவருக்குப் பொறுமையாக விளக்கப் போய், அது அவருடைய மச்சான், மச்சானின் நண்பர் வரை விரிந்து, கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று இன்றுவரை புரியவில்லை.

என் மனைவி படப்பையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாலையில் காபி குடிக்கும்போது அன்றைய வசவுகளை என்னிடமிருந்து வாங்கிப் படித்து மதிப்பெண் போடுவார். "இது பழசுங்க, போன மாசமே வந்துடுச்சு." "இதுல ஃபீலிங் இல்ல." எல்லோரையும் விட அதிக மதிப்பெண் வாங்கியவர் ஒருவர்தான். படப்பை தாண்டி வருகிற வடக்குப்பட்டு ஸ்டாப்பிலிருந்து எழுதுகிறவர். நாங்கள் அவரை "வடக்குப்பட்டு" என்றே சொல்வோம்.

வடக்குப்பட்டின் நடை தனி. சுருக்கம், வேகம், சொல்லுக்குச் சொல் சூடு. "டேய் மேப்பு. பஸ்ஸு படப்பைனு போட்டுக்கினு கீற. அது என் முன்னாடி போயிடுச்சி. கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று ஒரு நாள். "யோவ் நீ இன்னா படிச்ச? படிச்சியா?" என்று இன்னொரு நாள். என் மனைவி சிரித்துப் புரையேறினார். நான் மனதுக்குள் ஓர் உருவம் வரைந்துவைத்திருந்தேன்: நல்ல முறுக்கு மீசை, முழங்கை வரை மடித்த சட்டை, போர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை.

அப்புறம் ஒரு நாள் வழக்கத்தை விட நீளமாக ஒன்று வந்தது. அதற்கு என் மனைவி மதிப்பெண் போடவில்லை.

"இந்த ரோட்டுல இருட்டுல நிக்க முடியாதுனுதான்டா உன் ஆப்பப் பாத்துக்கினு வூட்ல கீறேன். கன்டெய்னரு உரசிக்கினு போவுது. நீ தப்பா காட்டி ஏற்கெனவே லேட்டு வாங்கிட்டேன். இன்னொரு வாட்டி லேட்டுனா வேலைக்கே வராதனு கான்ட்ராக்ட்காரன் சொல்லிட்டான். என் வேல போனா உன்ன வுட மாட்டேன்."

"பாவம்ங்க," என்றார் மனைவி. "ஒண்ணு ஒழுங்காப் பண்ணுங்க, இல்லன்னா மூடிடுங்க. நடுவுல நின்னுக்கிட்டு ஆளைத் தொங்கவிடாதீங்க."

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஆப்பைச் சரிசெய்தேன். டிரைவரிடமிருந்த போனுக்கும் புது பேட்டரி போட்டு, இதை எப்போதும் ஆஃப் பண்ணக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மஞ்சள் பஸ் அதன் பிறகு நிஜ பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. வடக்குப்பட்டிலிருந்து திட்டு வருவது நின்றது. பாராட்டு வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஜனங்கள் இப்போது ஆப்பை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். திட்டுகிறவரை விட நம்புகிறவர்தான் ஆபத்தானவர்.

இனி அந்த விஜயதசமிக் காலை.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையன்று பூஜை முடிந்ததும் லீவு, விஜயதசமிக்கு லீவு கிடையாது. முதல் நாள் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை தின்றுவிட்டு, மறுநாள் விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். நான் படப்பையில் ஏறுகிறவன். ஆப் பார்த்துக் கிளம்பும் வழக்கம் எனக்கு இல்லை, கடிகாரம் பார்த்துத்தான். ஹோட்டல் மாஸ்டர் வீட்டில் போய்ச் சாப்பிடுவது போல.

பஸ் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தது. ஏறினால் முக்கால்வாசி சீட் காலி. ஆப்பை நம்பிக் கிளம்பாத பழைய ஆட்கள் சிலர் மட்டும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பண்டிகை அசதி, எல்லோரும் லீவு போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இப்படி ஒரு சுகமான காலை அமைந்து எத்தனை நாளாயிற்று என்றும் நினைத்தேன்.

சைக்கிள் மணி அடித்தது.

"பஸ்ஸு இன்னும் மணிமங்கலத்துலயே நிக்குது. டிரைவரு கொழுக்கட்ட துன்னுகினு கீறாரா?"

பார்த்துச் சிரித்தேன். பஸ் புறப்படும் இடமான மணிமங்கலத்தை எப்போதோ விட்டாயிற்று, நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி மணி. "இன்னிக்கு பஸ் உண்டா இல்லியா?" மறுபடி மணி. "மணிமங்கலம் மணிமங்கலம்னே காட்டுது." ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் பஸ் மணிமங்கலத்தில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கீழே வரி: "பஸ் மணிமங்கலத்தில் நிற்கிறது." அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து படப்பை மேம்பாலத்தில் போய்க்கொண்டே அதை நான் படிக்கிறேன்.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் மட்டும் இருந்தது.

"டிரைவரே, போன் எங்க?"

"சாமிகிட்ட கீது சார்."

"எந்தச் சாமிகிட்ட?"

"மணிமங்கலத்துல, வூட்லதான் சார். நேத்து ஆயுத பூஜைக்கு வச்சது. சந்தனம் பொட்டு வச்சி, பூ சுத்தி, அம்சமா கீது சார். நீங்க பாத்தா அது உங்க போனுன்னே சொல்ல மாட்டீங்க."

"இன்னிக்குக் காலையில எடுத்துட்டு வரக் கூடாதா?"

"மறு பூஜ போடாம எப்டி சார் எடுக்கறது? ஒம்போது மணிக்கு மேலதான் நல்ல நேரம்னு சம்சாரம் தொடவே வுடல."

"அப்ப வண்டி? வண்டியும் ஆயுதந்தானே? அதை மட்டும் எப்படி எடுத்தீங்க?"

"வண்டி கம்பெனிது சார்," என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "போனு என்துல்ல?"

நான்தான் கொடுத்தேன்.

"சரி, ஆஃப் பண்ணியாவது வச்சிருக்கலாமே? அது அங்கிருந்தே சிக்னல் அனுப்பிட்டிருக்கு."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகத்தில் நிஜமான வருத்தம். "எப்பவுமே ஆஃப் பண்ணக் கூடாதுனு நீங்கதான சார் சொன்னீங்க? அதான் சாமிக்குப் பக்கத்துல சார்ஜர்லயே சொருவி வச்சிகினு வந்தேன்."

ஆக, சரஸ்வதி தேவியின் பாதத்தில், புது பேட்டரியின் தெம்போடு, என் பழைய போன் பஸ்ஸாக நின்றுகொண்டிருந்தது. வழிநெடுக அத்தனை பேர் அதை நம்பி வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வடக்குப்பட்டு! அவரும் வீட்டில்தான் இருப்பார். இன்று விட்டால் அவருக்கு வேலை இல்லை.

ஆப்பில் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்ப ஒரு வசதி வைத்திருந்தேன். அவசரமாக அடித்தேன்: "பஸ் படப்பை தாண்டிவிட்டது. மேப் தவறு. உடனே ஸ்டாப்புக்கு வரவும்." அனுப்பிய மாத்திரத்தில் மணி மணியாக அடித்தது.

"மேப்புல மணிமங்கலம்னு தெளிவா போட்டுகீது. நீ யார்ரா நடுவுல?"

"ஆப்ப ஹேக் பண்ணிட்டானுங்க. எவன்டா நம்புவான்?"

முன்பு என் மேப்பைத் திட்டித் தீர்த்தவர்கள், அன்றைக்கு அதே மேப்பை என்னிடமிருந்தே காப்பாற்றினார்கள்.

விதியை உடைத்தேன். வடக்குப்பட்டுக்குத் தனியாகப் பதில் எழுதினேன். "ஐயா, நான்தான் ஆப் செய்தவன். பஸ் உங்கள் ஸ்டாப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து ஓடி வாருங்கள்."

உடனே பதில். "எவன்டா நீ ஐயா கொய்யான்னுகினு. இத்தினி நாளு கத்தனேன், ஒரு வார்த்த பேசல. இன்னிக்கு இன்னா அக்கற?"

நியாயமான கேள்வி. விவாதிக்க நேரமில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்தே வாழைக்கன்று தெரிகிற மாதிரி முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம்: "ஐயோ. கெளம்பிட்டேன். நிறுத்தி வைடா."

நிறுத்தி வைப்பதா? நானா? நான் டிரைவரைப் பார்த்தேன்.

"டிரைவரே, வடக்குப்பட்டு கூட்ரோடுல கொஞ்சம் நிக்கணும்."

"ஆளே இல்லாத ஸ்டாப்புல எப்டி சார் நிக்கறது? பின்னாடி டிரெய்லர்காரன் ஆரனடிச்சே சாவடிப்பான். லேட்டா போனா கேட்ல என்னத்தான் சார் கேப்பாங்க."

"ஒருத்தர் வந்துட்டிருக்கார்."

"வந்துகினு இருந்தா ஸ்டாப்புல இருப்பாருல்ல?"

கூட்ரோடு தெரிந்தது. ஓர் ஆள்கூட இல்லை. பஸ் வேகம் குறையாமல் நெருங்கியது. அந்தக் கணத்தில் எனக்கு வாய்த்த யோசனையை என் படிப்போ அனுபவமோ தரவில்லை, சர்க்கரை வியாதி தந்தது.

"டிரைவரே, நிறுத்துங்க! அவசரம்! தாங்காது!"

"சார், கம்பெனில போய்க்கலாம் சார்..."

"சுகர் பேஷன்ட்டுங்க! இங்கயே ஆயிடும்!"

வாழைக்கன்று குலுங்க பஸ் நின்றது. வாழ்க்கையில் என் உடல்நலம் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

குதித்து இறங்கினேன். ரோட்டோரத்தில் "வில்லா மனைகள் விற்பனைக்கு" என்று ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகை. அதன் பின்னால் போய் மறைந்து நின்றுகொண்டு, இரண்டு கையாலும் போனில் அடித்தேன்: "நிறுத்திவிட்டேன். எங்கே இருக்கிறீர்கள்?"

"ஓடறன்ல? டைப் அடிச்சிகினு ஓட முடியுமாடா?"

பஸ்ஸிலிருந்து குரல்கள் வர ஆரம்பித்தன.

"சார், முடிஞ்சிதா?"

"இன்னும் இல்ல!"

"மனைய அளந்து பாக்கறாரா, இன்னா பண்றாரு?"

"வுடுங்கப்பா. வயசானா அப்டித்தான். சொட்டு சொட்டாதான் வரும்."

"சார், ஏரிய ரொப்பிட்டுத்தான் வருவாரு போல!"

பேருந்தே விழித்துக்கொண்டு சிரித்தது. ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டார். நான் பலகைக்கு அந்தப் பக்கம் எட்டி ஊருக்குள் போகும் ரோட்டைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு மொபெட் வந்தது. பால்காரர். இரண்டு பக்கமும் கேன், நடுவில் டிபன் பையைக் கட்டிக்கொண்டு யாரோ. கிட்ட வந்ததும் ஏமாந்துபோனேன். அது எங்கள் பஸ்ஸில் தினமும் வருகிற பெண். லைனில் வெல்டிங் பக்கம் வேலை. ஒடிசலான தேகம், பின்னிய ஈரத்தலை. நான் ஏறும்போதெல்லாம் டிபன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுப்பவள். அவள் பேசி நான் கேட்டது ஒரே வாக்கியம்தான்.

மொபெட்டிலிருந்து குதித்தவள், பலகைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, பார்வையை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சிரைக்க அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"குட்மார்னிங் சார்."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். நான் மீசைக்காரருக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் முதல் கியரைப் போட்டுவிட்டார். "சார், வரீங்களா, இல்ல அங்கயே மன வாங்கிகினு குடியேறிடறீங்களா?"

சைக்கிள் மணி. வடக்குப்பட்டு.

"ஏறிட்டேன். எதோ ஒரு பெருசு ஒண்ணுக்குப் போவ இறங்கிச்சி, அதனால பொழச்சேன். நீ ஒண்ணும் கிழிக்கல."

படித்தேன். பஸ்ஸைப் பார்த்தேன். ஏறியது ஒரே ஓர் ஆள். முறுக்கு மீசை, மடித்த சட்டை, போர்க்லிஃப்ட் எல்லாம் ஒரு நொடியில் உதிர்ந்தன. கண் முதுகிலா இருக்கிறது என்று கேட்டது இந்தக் குட்மார்னிங்கா?

ஏறினேன். காலி சீட் எத்தனையோ இருந்தும், வழக்கப்படி அவள் டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து அவள், "உடம்பு பாத்துக்கங்க சார்," என்றாள். "எங்க மாமாவுக்கும் இதேதான். வெந்தயம் ஊற வச்சிக் குடிக்கறாரு."

"குடிக்கறேம்மா," என்றேன்.

இதற்குள் விஷயம் பஸ்ஸுக்குள் பரவியிருந்தது. தூங்கி எழுந்தவர்களுக்கும் வீட்டில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் போன் செய்தபடி இருந்தார்கள். "மேப்பு தப்பாம்பா. பாதிப் பேரு வூட்லயே கீறானுங்க." "எவன்டா அத செஞ்சவன்?" "எவனாச்சும் ஏசி ரூம்ல உக்காந்துகினு செஞ்சிருப்பான். பஸ்ஸுலயே ஏறியிருக்க மாட்டான்." என்னோடு சில வருடமாக டீ குடிக்கும் ஸ்டோர்ஸ்காரர் என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்றார்.

கோழைத்தனத்துக்கும் ஒரு வேகம் வேண்டும். எனக்கு அது எப்போதும் உண்டு. "பொறுப்பு இல்லாத பசங்க," என்றேன். "அறிவும் கம்மியாத்தான் இருக்கணும்."

"கரெக்டா சொன்னீங்க சார்," என்றாள் பின்சீட்டுக்காரி, உற்சாகமாக. போனில் விரல்கள் தட்டும் ஓசை கேட்டது.

என் சட்டைப் பையில் சைக்கிள் மணி அடித்தது.

ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் எதுவும் வரலாம். நான் ஜன்னல் வழியே ஒரகடத்து லாரிகளை ஆழ்ந்து ரசித்தேன். பின்னால் மறுபடி விரல் தட்டும் ஓசை, ஒரே ஒரு தட்டு.

மணி அடித்தது.

நான் திரும்பவில்லை. குவாலிட்டியில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்: ஒரு முறை பழுது தெரிந்தால் சந்தேகம், இரண்டாம் முறை உறுதி, மூன்றாவது எல்லோருக்கும் காட்டுவதற்கு. மூன்றாவது முறை அவள் தட்டியபோது போனை என் தோளுக்குப் பக்கத்தில் நீட்டி, நான் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டே தட்டினாள்.

மணி அடித்தது.

"சார்," என்றாள், மிக மெதுவாக. "அது நீங்களா?"

ஸ்டோர்ஸ்காரரின் வாய் திறந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ரகசியம் காத்துக் காத்து அலுத்தவர் போல, "ஆமாம்மா. சாரேதான். என் போனுகூட சார் குடுத்ததுதான்," என்று முழுவதையும் கொட்டிவிட்டார்.

எழுத்தில் வருவதை மொழிபெயர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும். நேரில் வந்தால் கிடைக்காது. "சார், போன மாசம் நான் ஓடி வுழுந்தேன் சார், தெரியுமா?" "என் மச்சான் வூட்ல கீறான் சார், இன்னிக்கு அரை நாளு பூடும். நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" "எழுத்துப் பெருசா வைங்கனு எத்தினி வாட்டி சார் சொல்றது?" அத்தனை திட்டிலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சார் இருந்தது. நான் எழுந்து நின்றேன். போனைச் சாமிகிட்ட வைப்பார் என்று யோசிக்காதது என் தப்பு என்றேன். டிரைவர் தப்பு இல்லை என்றேன். மச்சானுக்காக ஹெச்.ஆரில் நானே வந்து பேசுகிறேன் என்றேன். பேசினாலும் கேட்பார்களா என்பது சந்தேகம்தான், அதையும் சொன்னேன். யாரும் சமாதானம் ஆகவில்லை. ஆகவும் கூடாது. பஸ்ஸில் ஏற்ற முடிந்தது ஒரே ஓர் ஆளை. மற்றவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் மட்டும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலில் பஸ் நின்றது. எல்லோரும் என்னை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஷிப்ட் தொடங்கப் போகிறது.

"டிரைவரண்ணா, இங்கயே கதவத் தொறங்க," என்றாள்.

"ரோட்டு நடுவுலயாம்மா?"

"தொறங்கண்ணா!"

திறந்தார். அவள் லாரிகளுக்கு நடுவே புகுந்து கேட்டை நோக்கி ஓடினாள். பஸ்ஸுக்குள் அத்தனை பேரும் ஒரு பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தோம். "ஓடு, ஓடு!" என்று ஸ்டோர்ஸ்காரர் கத்தினார். நானும் கத்தினேன், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட அப்படிக் கத்தியதில்லை. செக்யூரிட்டி கையை நீட்ட, அதற்குக் கீழே குனிந்து நுழைந்து, கழுத்திலிருந்த கார்டைக் கழற்றாமலேயே எட்டி அட்டெண்டன்ஸ் மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பஸ்ஸில் விசில் பறந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தி எடுத்துவிட்டார்.

நாங்கள் உள்ளே போனபோது அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்துப் பளபளத்தது. என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"சார். சாயங்காலம் பஸ் எங்க நிக்குதுனு ஆப்ல காட்டுமா?"

அத்தனை நாள் பெட்டிக்குள் பதுங்கியிருந்தவனுக்கு இனியும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"காட்டாதும்மா. போன் இன்னும் சாமிகிட்டதான். டிரைவர் ராத்திரிதான் வீட்டுக்குப் போவார். நாளைக்குத்தான் சரியாகும்."

அவள் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தக் கேட்டு வாசலில், செக்யூரிட்டி, ஸ்டோர்ஸ்காரர், முதல் ஷிப்ட் மொத்தமும் கேட்க, நான் இதுவரை படிக்க மட்டுமே செய்திருந்த அந்தக் குரலை முழுசாகத் திறந்தாள். "யோவ்" என்று ஆரம்பித்து என் படிப்பு, என் கண், என் ஆப், என் சுகர் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தி, கார்டைச் சரிசெய்துகொண்டு, "சார்" என்று முடித்தாள்.